குவியலுக்குள் பக்கெட் ஏன் போக மறுக்கிறது?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஐடிஐ முடித்துவிட்டு ஒரு ஜல்லி கிரஷரில் ஹெல்பராகச் சேர்ந்தவர். இப்போதுதான் வீல் லோடரில், அதாவது முன்னால் பெரிய பக்கெட் வைத்துக் குவியலை அள்ளும் வண்டியில், கை வைக்க விட்டிருக்கிறார்கள். “சார், அதே வண்டி, அதே எம்-சாண்ட் குவியல். ஆபரேட்டர் அண்ணன் போனால் ஒரே முட்டில் பக்கெட் நிறைந்து வருகிறது. நான் போனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது, டயர் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. கேட்டால் ‘கை பழகணும்டா’ என்கிறார். இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா?”

இருக்கிறது. கை பழகுவது என்று அந்த அண்ணன் சொல்வதும் பொய்யில்லை. அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்திருப்பது இருநூறு வருட இயற்பியல்.

வண்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே டீசல் இன்ஜின் இரண்டு வேலை பார்க்கிறது: சக்கரத்தைச் சுற்றுவது, ஹைட்ராலிக் பம்பை ஓட்டிப் பக்கெட்டைத் தூக்குவது. அடைத்து வைத்த எண்ணெயில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் தூக்குவதற்குப் பின்னால் இருப்பது, பள்ளியிலேயே படித்ததுதான். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அங்கே விசையைக் கடத்துவது எண்ணெய். அதனால்தான் பக்கெட் குவியலில் முட்டி வண்டி அசையாமல் நின்றாலும் இன்ஜின் அணைந்துபோகாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண்ணை டயர் மேல் இறங்கும் எடையால் பெருக்குங்கள், அவ்வளவுதான் கிடைக்கும். அதைத் தாண்டி மிதித்தால் டயர் வழுக்கிச் சுற்றும், தள்ளும் விசை கூடாது. கீழே கிடக்கும் கூரான ஜல்லி ரப்பரைச் சீவி எடுக்கும். டயர் சுற்றினால் முதலாளி கத்துவது எதற்காக என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, குவியலுக்கு வருவோம்.

காய்ந்த மணலைக் கொட்டினால் சுமார் 34 டிகிரி சரிவில் நிற்கும். உடைத்த ஜல்லி முனைமுனையாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் செங்குத்தாக நிற்கும். ஒரு லோடு கொட்டினாலும் நூறு லோடு கொட்டினாலும் கோணம் ஏறக்குறைய அதேதான். மணிகளுக்குள் இருக்கும் உராய்வுதான் அதைத் தீர்மானிக்கிறது. இதைக் கணக்காக முதலில் எழுதியவர்களில் ஒருவர் கூலும். மின்னூட்டத்துக்கு விதி சொன்ன அதே கூலும்தான். அவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர்; மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டப் போனவர். மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1773-இல் ஒரு பதில் வைத்தார். வேலூர்க் கோட்டையின் அகழிச் சுவரைக் கட்டிய நம் ஊர்க் கல் தச்சர்களும் அதே கேள்விக்கு அவருக்கு முன்பே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கருங்கல்லில் வைத்த பதில், இன்னும் நிற்கிறது.

கூலும் தொடங்கியதை 1857-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் எளிமையாக்கினார். அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உராய்வுக் கோணம் (காய்ந்த தளர்வான பொருளுக்கு ஏறக்குறைய அது சரிந்து நிற்கும் கோணமேதான்) 35 டிகிரி, மேற்பரப்பு சமதளம் என்று வைத்துக்கொள்வோம். குவியலுக்குள் ஓரிடத்தில் மேலிருந்து இறங்கும் அழுத்தம் 100 பங்கு. அங்கே ஒரு சுவரை வைத்து அது லேசாக வெளிப்பக்கம் விலகினால், பொருள் அதன்மேல் சாயும் அழுத்தம் 27 பங்குதான். அதே சுவரை நாம் உள்ளே தள்ளினால், பொருள் நகர்ந்து கொடுப்பதற்கு 369 பங்கு அழுத்தம் வேண்டும். பொருள் அதேதான், ஆழமும் அதேதான். ஆனால் அது சாயும்போது இருக்கும் அழுத்தத்தைவிட நாம் தள்ளும்போது பதின்மூன்று மடங்குக்கு மேல் கேட்கிறது! எதிரே இருப்பது ஏறுசரிவு என்றால் இன்னும் கூடும். பக்கெட் ஆழமாகப் போகப் போக மேலே உள்ள எடையும் கூடுகிறது. தம்பி ஆக்சிலேட்டரை மிதித்து மல்லுக்கட்டுவது இந்த 369-ஓடு.

இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேல் வரிசைப் பழம் ஒவ்வொன்றும் கீழே உள்ள மூன்று பழங்களுக்கு நடுவிலுள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பழத்தைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். நேராக நகராது. முதலில் குழியை விட்டு ஏறி மேலே வந்தால்தான் நகரும். இப்படி ஒரு வரிசை முழுவதும் ஏறினால் அடுக்கின் உயரமே கூடும், அதாவது மொத்தக் கன அளவு கூடும். நெருங்கி அடுக்கிய மணிகள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒன்றையொன்று தாண்டி நகர வேண்டுமானால் கூட்டம் முதலில் விரிந்தாக வேண்டும். விரிய இடமில்லை என்றால் நகர முடியாது. மேலே பல டன் பொருள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது விரிவது என்றால், அந்த எடை முழுவதையும் கொஞ்சமாவது தூக்க வேண்டும். லோடர் தள்ளும்போது உண்மையில் குவியலைத் தூக்கப் பார்க்கிறது, அதுவும் படுக்கைவாட்டில் தள்ளித் தூக்கப் பார்க்கிறது.

இதை 1885-இல் எழுதியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். குழாயில் ஓடும் நீருக்கு ரெனால்ட்ஸ் எண் என்று படிக்கிறோமே, அவரேதான். ரப்பர்ப் பைக்குள் மணலும் தண்ணீரும் நிரப்பி, வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினார். பையை அமுக்கினால் குழாயில் தண்ணீர் மேலே ஏறும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இறங்கியது! அமுக்கியதில் மணல்மணிகள் நகர்ந்தன, நகர்ந்ததால் விரிந்தன, விரிந்ததால் நடுவில் இடைவெளி கூடி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டன. பலூனும் ஒளி ஊடுருவும் ஸ்ட்ராவும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மணலை நன்றாகத் தட்டித் தட்டி நெருக்கி நிரப்ப வேண்டும், காற்று இருக்கக் கூடாது. அதுவும் வேண்டாம் என்றால் பாலாற்றில் தண்ணீர் ஓடி வடிகிற சமயத்தில் கரையோர ஈரமணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு நொடி மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, விரிந்த மணலின் இடைவெளிக்குள் இறங்கிவிட்டது. ரெனால்ட்ஸுக்கு இதில் அப்படி ஒரு மயக்கம். கடைசிக் காலத்தில் பிரபஞ்சம் முழுவதுமே இப்படி நெருக்கமாக அடுக்கிய நுண்மணிகளால் ஆனது, ஈர்ப்பு விசையையும் அதை வைத்தே விளக்கிவிடலாம் என்று போய்விட்டார். பெரிய மூளைக்கும் சறுக்கல் உண்டு.

இப்போது ஆபரேட்டர் அண்ணனின் கையைப் பாருங்கள். குவியலுக்கு நேராக, ஸ்டியரிங் வளையாமல், பக்கெட் தரையை ஒட்டி, முதல் கியரில் போகிறார். பல் உள்ளே இறங்கி வண்டி திணறத் தொடங்கும் அந்தக் கணத்தில், இன்னும் மிதிப்பதற்குப் பதிலாக, பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கையை, லேசாகத் தூக்குகிறார். இந்த ஒரு அசைவில் இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது, பக்கெட்டுக்கு முன்னால் நெருங்கி நிற்கும் மணிகள் மேலே, திறந்த சரிவை நோக்கி நகர வழி கிடைக்கிறது. அவை விரிகின்றன. ஒருமுறை விரிந்த பொருள் முன்னைவிடத் தளர்வானது, அடுத்த அரை அடிக்குக் குறைந்த விசை போதும். இரண்டாவது, பக்கெட் குவியலைத் தூக்கும்போது குவியல் பக்கெட்டைக் கீழே அழுத்துகிறது. நியூட்டன் மூன்றாம் விதி. அந்த அழுத்தம் நேராக முன் டயரில் இறங்குகிறது. டயர் மேல் எடை கூடினால் உராய்வு கூடும், வழுக்கிய டயர் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பக்கெட்டை உள்பக்கமாகக் கொஞ்சம் மடக்குகிறார், கொஞ்சம் முன்னே போகிறார், மறுபடி கொஞ்சம் மடக்குகிறார். ஒவ்வொரு அசைவும் அடுத்த அடுக்கைத் தளர்த்துகிறது.

புதிதாக ஏறுபவர் இதற்கு நேர் எதிராகச் செய்வார். நன்றாகச் சுரண்டலாம் என்று பக்கெட்டைத் தரையில் அழுத்துவார். தரை திருப்பி மேலே தள்ளும், முன் டயர் எடை இழக்கும், உடனே சுற்றும்.

எங்கே குத்துகிறோம் என்பதும் முக்கியம். மேலே வண்டி ஏறி இறங்கிய இடம் நெருங்கி இறுகியிருக்கும், அது விரிந்தே ஆக வேண்டும், எதிர்ப்பும் அதிகம். இப்போதுதான் சரிந்து விழுந்த இடம் தளர்வானது. தளர்ந்த மணிகள் நகரும்போது விரியத் தேவையில்லை, நெருங்கவே செய்யும். பழகிய ஆபரேட்டர் ஒரு பக்கெட் எடுத்த இடத்தில் மேலிருந்து சரிந்து நிறைவதைப் பார்த்து, அடுத்ததை அங்கேயே எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஈரம் வந்தால் கதை மாறும். மணிகளுக்கு நடுவில் நிற்கும் சிறு நீர்ப்பாலங்கள் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒட்டி வைக்கும். நாலைந்து சதவீத ஈரத்தில் மணல் உப்பிக் கன அளவு கால் பங்குகூட கூடலாம்; நூறு கன அடி ஒரு யூனிட் என்று வாங்குபவர் அதில் கொஞ்சம் காற்றுக்கும் காசு கொடுக்கிறார். ஆபரேட்டருக்குள்ள ஆபத்து வேறு. ஈரக் குவியலை அடியில் குடைந்து எடுத்தால் முகம் செங்குத்துச் சுவராக நிற்கும். காலையில் உறுதியாகத் தெரியும். நம் ஊர் வெயில் மதியத்துக்குள் நீர்ப்பாலங்களை உறிஞ்சிவிடும், சுவர் அப்படியே இறங்கும். அடியில் ஆள் மாட்டிக்கொண்டால் “இந்த இடம் காவு கேட்குது” என்று பேசுபவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குங்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் விபத்தை இடத்தின் தலையில் கட்டிவிட்டால், அடியில் குடைந்தது யார், மேல் முகத்தைத் தட்டி இறக்கச் சொல்லாதது யார் என்ற கேள்வியே எழாமல் போகிறது.

தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் கையாளுவது மணிமணியான பொருளைத்தான் என்று இத்துறைக்காரர்கள் சொல்வது வழக்கம். ஆனாலும் நீரோட்டத்துக்கு இருப்பதுபோல் எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒரு சமன்பாடு மணலுக்கு இன்னும் இல்லை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் துளியாவது இதற்கும் கிடைக்கலாம். பாகாயத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் கிரஷர்கள் இருக்கின்றன. நம் ஊர் எம்-சாண்ட் எந்த ஈரத்தில் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று அளக்க ஒரு மாணவர் குழுவுக்கு ஆகும் செலவு, ஒரு லோடர் டயரின் விலையைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறைந்த பக்கெட்டைத் தாழ்வாகவே கொண்டு போங்கள். வண்டி இடுப்பில், அதாவது நடுவிலுள்ள மூட்டில், வளையும்போது கவிழும் எல்லை குறையும், அதனால்தான் தயாரிப்பாளர்கள் முழுதாக வளைந்த நிலையில் கவிழ்க்கும் எடையில் பாதியையே அனுமதிக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து கேபின் கதவைத் திறந்து வைக்காதீர்கள். கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எக்யூப்மென்ட் ஸ்கில் கவுன்சிலின் சான்றிதழ் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரிக்கு லோடர் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், போகலாமா என்று கேட்டிருக்கிறார். போகலாம். நிலக்கரி எம்-சாண்டில் பாதி எடைதான் வரும், அதனால் பக்கெட் பெரிதாக இருக்கும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். நிலக்கரி காற்றோடு சேர்ந்து தானே சூடாகும், கவனிக்காவிட்டால் புகையும். அதைத் தடுக்க நாள்கணக்கில் கிடக்கும் குவியலின் மேல் வண்டி ஓட்டி அமுக்கி, உள்ளே காற்றுப் புகாதபடி இறுக்கி வைப்பார்கள். அதாவது வேண்டுமென்றே விரிய விடாமல் செய்த குவியல் அது. எடை குறைவுதானே என்று நினைத்து நேராகப் போய் முட்டாதீர்கள், தம்பி. மேல் விளிம்பைக் கொஞ்சம் இறக்கித் தளர்த்திவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.