மைதானத்தில் நிற்காமல் ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆக முடியாது

ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆக வேண்டும் என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக ஒரு மேட்சை மைதானத்தில் நின்று முழுதாக எப்போது பார்த்தீர்கள் என்பதைத்தான். பலரிடம் பதில் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்பு மாணவர்கள் பயிற்சி பெறுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஓ.பி.யில். அங்கே வருகிறவருக்கு அடிபட்டு வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஸ்கேன் எடுத்து, டாக்டர் பார்த்து, என்ன பிரச்சினை என்று எழுதிய சீட்டோடு வருவார். மைதானத்தில் அந்தச் சீட்டு கிடையாது.

அமெரிக்காவில் மைதானத்தில் அடிபட்டவரைக் கவனிப்பதற்கென்றே 'அத்லெடிக் டிரெய்னர்' என்ற தனித் தொழில் உண்டு. 1990-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் பி.பி.டி. முடித்து, எம்.பி.டி. என்ற முதுநிலைப் படிப்பில் 2 ஆண்டு ஸ்போர்ட்ஸ் பிரிவு படிப்பதுதான் வழக்கமான பாதை. மைதான அனுபவத்தை மாணவர்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கபடி ஆட்டத்தில் ஒரு ரெய்டர் கணுக்கால் மடங்கி விழுகிறார் என்று வையுங்கள். மாணவர்களின் கை உடனே ஸ்ப்ரேக்குத்தான் போகும். முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும். கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அப்புறம் பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பு தொடங்கும் மேடு. உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் படகெலும்பு. இங்கெல்லாம் எலும்பிலேயே வலித்தாலோ, நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஒட்டாவா விதிகள் என்று எல்லோரும் தேர்வில் எழுதியதுதான். ஆனால் நேரில், வீங்கிய இடத்தை அழுத்திவிட்டு "வலிக்குதாம் சார்" என்பார்கள். சாதாரணச் சுளுக்கில் அடிபடுவது அந்த எலும்புக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் ஜவ்வு. அங்கே வலிக்கத்தான் செய்யும். மாணவரின் விரலைப் பிடித்துப் பின்விளிம்புக்கு நகர்த்திக் காட்ட வேண்டியிருக்கிறது. வேர்த்து வழுக்கும் கால், சுற்றி நிற்கும் கூட்டம், எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கெடுக்கத் தயாராக இருக்கும் ஒரு பெரியவர், இத்தனைக்கும் நடுவில் விரல் சரியான இடத்துக்குப் போகப் பழக வேண்டும்.

இதைவிடக் கஷ்டம், 'வேண்டாம்' என்று சொல்வது. தலையில் மோதி விழுந்தவர் எழுந்து தள்ளாடினாலோ, ஸ்கோர் தெரியாமல் விழித்தாலோ அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. நினைவு தப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆனால் ஆட்டக்காரர் "ஒண்ணுமில்லண்ணே, பைனல்ண்ணே" என்பார். கோச் "தம்பி, பத்து நிமிஷம்தான், விடுங்க" என்பார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் குரல் எழும்பாது. அதனால் வகுப்பில் நானே கோச்சாக நின்று அதட்டுகிறேன். "சார், இன்னைக்கு இவர் ஆட முடியாது. டாக்டர் பார்த்த பிறகு பேசலாம்." இதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அது பேரமாகிவிடும்.

கோடை விடுமுறையில் போட்டிகள் அதிகம் என்பதால் வெயில் தாக்கத்தையும் கையாளத் தெரிய வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்தவர்கள் ஆறாவது மாதமே "ஓட முடியுது, ஆடட்டுமா?" என்று வருவார்கள். ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என்று 2016-ல் வந்த டெலவேர்-ஓஸ்லோ ஆய்வு சொல்கிறது. மாணவர்கள் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தால் போதாது. அந்த மாதங்களில் ஆட்டக்காரரையும் அவர் பெற்றோரையும் சலிக்காமல் பிடித்து வைக்கவும் தெரிய வேண்டும்.

கல்லூரியில் சேரும்முன் கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: எந்த அணியோடு, எந்த மைதானத்துக்கு மாணவர்களை அனுப்புகிறீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால், உங்கள் மாவட்ட விளையாட்டரங்கில் சாயங்காலம் பயிற்சி தரும் கோச் ஒருவரிடம் போய் அனுமதி கேளுங்கள். முதலில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலைதான் கிடைக்கும், பரவாயில்லை. வருமானமும் உடனே நிலைக்காது. பல அணிகள் சீசனுக்கு மட்டும்தான் ஆள் எடுக்கின்றன. முதல் சில வருடங்கள் காலையில் கிளினிக், மாலையில் மைதானம் என்றுதான் ஓடும். வீட்டிலும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.