பிளாஷ்: ஒரு சொல், மூன்று பொருள்

ஹட்டன் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது. படம் எடுக்க வந்தவர் உள்பக்கம் திரும்பி, "தம்பி, அந்தப் பிளாஷ எடுத்துக்கிட்டு வா" என்றார். பையன் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவன் மேல் தப்பில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் 'பிளாஸ்' என்றால் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் ஊற்றி வைக்கிற சாமான்தான்.

சரி, கமராவோடு பழகியவர்களாவது இந்தச் சொல்லை ஒரே பொருளில் சொல்கிறார்களா? இல்லை. "பிளாஷ் அடிச்சிச்சு" என்றால் வெளிச்சம். "பிளாஷ் முடிஞ்சிருச்சு" என்றால் வெளிச்சம் தருகிற கண்ணாடிக் குமிழ். "பிளாஷைக் கழட்டு" என்றால் குமிழைத் தாங்குகிற கைப்பிடி. கைத்தொலைபேசியில் மூன்றும் ஒரு பொட்டுக்குள் அடங்கிவிட்டதால் நமக்கு இது உறைப்பதில்லை. பழைய பத்திரிகைக் கமராவைக் கையில் எடுத்தால் உடனே உறைக்கும்.

1912 முதல் 1973 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஸ்பீட் கிராஃபிக்கை எடுத்துக்கொள்வோம். கமராவின் பக்கவாட்டில் டோர்ச் லைட் போல ஒரு உலோகக் கைப்பிடி. அதற்குள் பெரிய டோர்ச் பெட்டரி மூன்று. மேலே வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு குமிழ். ஒரு படத்துக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். எரிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். (இந்தக் கைப்பிடிதான் 1977இல் வந்த ஒரு ஹொலிவூட் விண்வெளிப் படத்தில் நாயகனின் ஒளிவாளாக மாறியது. அதனால் படமெடுக்கத் தேடுகிறவர்களுக்கு முன்னால் வாள் செய்கிறவர்கள் வாங்கிப் போய்விடுகிறார்கள்.)

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் இது முதலில் வெளிச்சத்தைக் குறிக்கவில்லை, தண்ணீரைக் குறித்தது. தண்ணீர் சளாரென்று மோதித் தெறிப்பதற்கான ஒலிக்குறிப்பு அது. நம் ஆற்றோரங்களில் திடீரென்று ஏறும் வெள்ளத்தை ஆங்கிலத்தில் 'பிளாஷ் ஃப்ளட்' என்கிறார்களே, அதில் அந்தப் பழைய ஈரம் இன்னும் காயாமல் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சப் பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டியது. தமிழும் இதே வேலையைச் செய்திருக்கிறது. பளாரென்று அறைகிறோம், பளீரென்று விளக்கு எரிகிறது, பளிச்சென்று மின்னல் அடிக்கிறது. ஓசைக்கும் ஒளிக்கும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

ஜெர்மன்காரர் வேறு வழியில் போனார்கள். 1887இல் அடோல்ஃப் மீத்தேயும் யொஹான்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொற்றாசியம் குளோரேற்றைக் கலந்து ஒரு வெடிபொடி செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'பிளிட்ஸ்லிக்ட்', அதாவது மின்னல் வெளிச்சம். தட்டில் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால் வெளிச்சத்தோடு குப்பென்று வெள்ளைப் புகையும் கிளம்பும். 'புகைப்படம்' என்ற சொல்லில் புகை வந்தது இதனால்தான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொடி வருவதற்கு முன்பே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு 'ஒளிப்படம்' போதும்.

பொடியை ஒழித்தது குமிழ். 1929இல் ஜெர்மனியில் 'வாக்குபிளிட்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தாள், சுற்றிலும் ஒட்சிசன். பின்னாளில் தாளுக்குப் பதில் நூல் போன்ற கம்பி. பெட்டரியின் வேலை பற்றவைப்பது மட்டும். வெளிச்சம் தருவது மின்சாரம் அல்ல, எரிகிற உலோகம். குமிழ் வெடித்துச் சிதறாமலிருக்க மேலே அரக்குப் பூச்சு இருக்கும். பகல் வெளிச்ச வண்ணப் பிலிமுக்கு அந்தப் பூச்சே நீலம். எரிந்த கையோடு குமிழைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்குக் கரண்ட் இருக்கத் தேவையில்லை என்பதுதான் மலையகத்துக்கு முக்கியம். லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்திலும், நடுச்சாமத்துக் காமன் கூத்திலும், மூன்று டோர்ச் பெட்டரி இருந்தால் ரதியையும் மதனையும் பிடித்துவிடலாம்.

இனித் தமிழ்ச்சொல். 'மின்னொளி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பழைய தமிழில் 'மின்' என்றால் மின்னல், ஒளிர்தல். மின்மினி என்கிறோமே, அந்த மின். அந்தக் கணக்கில் பொருந்தும். ஆனால் இன்றைக்கு 'மின்னொளியில் உதைபந்தாட்டம்' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். விடிய விடிய எரிகிற விளக்குக்குப் போன சொல்லை, கண் இமைப்பதற்குள் முடிகிற வெளிச்சத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. 'மின்வெட்டொளி' இன்னும் மோசம். மின்னல் வெட்டுவதை நினைத்துச் செய்திருப்பார்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நமக்கு அது குப்பிலாம்பு வெளிச்சமாகத்தான் கேட்கும்.

என் தேர்வு 'பளிச்சொளி'. பிறந்த விதமும் மூலச் சொல்லைப் போலவே இருக்கிறது. எரிகிற பொருளுக்குப் 'பளிச்சொளிக் குமிழ்'. மின்குமிழ் என்று இலங்கைப் பாடநூலில் படித்தவர்கள்தானே நாம், 'பல்பு' எதற்கு? கிண்ணத்துக்குத் 'தெறிப்புக் கிண்ணம்'. ஒளித்தெறிப்பும் நம் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததே. தண்ணீர் தெறித்த சொல்லுக்கு ஒளி தெறிக்கிற கிண்ணம் அமைந்ததை நினைத்து எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

தெறிப்பு என்றதும் மூடுபனி ஞாபகம் வருகிறது. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ பனி இறங்கிய பிறகு பளிச்சொளி அடித்தால், பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேரே வில்லைக்குத் திரும்பி வரும். ஆளுக்குப் பதில் வெள்ளைத் திரைதான் படத்தில் விழும். அப்போது கைப்பிடியைக் கமராவிலிருந்து கழற்றி, வயர் எட்டும் மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும். வில்லையின் துவாரத்தை எவ்வளவு திறப்பது என்ற அளவுக்கு 'வழிகாட்டி எண்' உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் துவாரத்தின் எண் வரும். அடிக்கணக்கில் அது 160 என்றால், பத்தடித் தூரத்திலுள்ள ஆளுக்குத் துவாரம் 16. இருபதடிக்கு 8.

பளிச்சொளியும், பிலிமுக்கு வெளிச்சம் விடுகிற கதவான ஷட்டரும் ஒரே நேரத்தில் இயங்க வைக்கும் 'சிங்க்' என்பதற்கு 'ஒத்தியக்கம்' என்று எழுதலாம். சொல் கொஞ்சம் கரடுமுரடு, ஆனாலும் வேலையைச் சொல்கிறது. குமிழ் பற்றி உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 மில்லி செக்கன் எடுக்கும். அதனால் ஷட்டரில் 'எம்' என்று வைத்தால் முதலில் குமிழ் பற்றும், பிறகுதான் ஷட்டர் திறக்கும். இப்போதைய இலத்திரனியல் பிளாஷ் உடனே அடித்து ஓய்ந்துவிடும். அதை 'எம்'மில் மாட்டினால் ஷட்டர் திறக்கும்போது இருட்டு, பிலிம் வெறுமை. அதற்கு 'எக்ஸ்' வேண்டும். 'எக்ஸ்' மட்டும் இருக்கிற ஷட்டரில் குமிழ் போடுவதென்றால் வேகத்தை 1/25 செக்கனுக்கு இறக்கிவிடுங்கள், முழு வெளிச்சமும் உள்ளே வந்துவிடும்.

சந்தேகமாக இருந்தால் பிலிம் போடாமல் கமராவின் பின்பக்கத்தைத் திறந்து, இலத்திரனியல் பிளாஷை வெள்ளைச் சுவருக்கு அடித்து, பின்னாலிருந்து வில்லை வழியே பாருங்கள். வட்டமாக வெள்ளை தெரிந்தால் பிலிம் போடலாம்.