கல்யாண டிவிடியை மாற்றுவதற்கு முன்

டெக்சாஸில் வசிக்கும் ஒரு பெண் சென்ற விடுமுறையில் என்னிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். 2006இல் தஞ்சாவூரில் நடந்த அவருடைய திருமணம் அதில் இருந்தது. அங்குள்ள பிளேயரில் டிவிடி ஓடாததால், இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு அவரே மாற்றியிருந்தார். தாலி கட்டும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல்களைச் சுற்றிச் சீப்பின் பற்களைப் போல வரி வரியாகக் கோடுகள். கேமரா மண்டபத்தின் குறுக்கே திரும்பும்போதெல்லாம் படம் விக்கி விக்கி நகர்ந்தது.

“பழைய டிவிடி எங்கே அம்மா?” என்று கேட்டேன். மாற்றியாகிவிட்டதே என்று தூக்கிப் போட்டுவிட்டாராம்.

இருபது ஆண்டுகளாகத் திருமண வீடியோக்களைத் தொகுத்து வருகிறேன். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிவானது: 576 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி (NTSC) என்ற முறை: 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். வீடியோ கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதிகளாக எடுக்கிறது. முதலில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விரல் நகர்ந்துவிடும். இந்தப் பாதிகளைச் சரிசெய்யாமல் 576 வரிகளை 480க்குச் சுருக்கினால், இரண்டு கணங்களும் ஒன்றோடொன்று குழம்பி அந்தக் கோடுகள் படத்திலேயே பதிந்துவிடும். பிறகு யாராலும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. விக்கலுக்குக் காரணம் வேறு. நொடிக்கு ஐந்து படங்கள் குறைகின்றன அல்லவா? மென்பொருள் ஐந்தில் ஒரு படத்தை இருமுறை காட்டி ஒப்பேற்றிவிடுகிறது.

ரீஜன் கோட் என்பது இதோடு சம்பந்தமில்லாத பூட்டு; ஒரு டிவிடி எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்பதைக் குறிக்கும் எண். கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளுக்கானது. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. ஸ்டூடியோவில் எழுதித் தரும் கல்யாண டிவிடியில் அது கிடையாது. இது தெரியாமல் கணினி டிரைவின் ரீஜனை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஐந்து முறைதான் அனுமதி. அதன்பின் கடைசியாக வைத்ததிலேயே டிரைவ் நின்றுவிடும்.

உண்மையில், பெரும்பாலானோருக்கு இந்த மாற்றமே தேவையில்லை. கணினிக்குப் பால் முறையும் ஒன்றுதான், என்டிஎஸ்சியும் ஒன்றுதான். விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள் இரண்டையும் ஓட்டும். முதலில் டிவிடி முழுவதையும் அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிவிடியின் முழு நகலான ஒரே கோப்பாக, நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். டிவியில் பார்க்க வேண்டுமானால் அந்த நகலிலிருந்து ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 கோப்பு எடுக்கலாம். 576 வரிகளைக் குறைக்காதீர்கள், படங்களின் வேகத்தை மாற்றாதீர்கள், அந்த இரண்டு பாதிகளையும் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியை மட்டும் மறக்காமல் போடுங்கள். பழைய என்டிஎஸ்சி பிளேயரில் டிவிடியாகத்தான் ஓட வேண்டும் என்றால் மட்டுமே வடிவ மாற்றம். அப்போதும் மூல டிவிடி பத்திரமாக இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் சித்தப்பா கும்பகோணத்தில் இருக்கிறார். அவர் வீட்டு அலமாரியில், ஆல்பத்தின் பின்னட்டைக்குள் இன்னொரு பிரதி கிடைத்தது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து டிரைவில் போட்டேன். திணறித் திணறிப் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. வரவேற்பின் கடைசிச் சில நிமிடங்கள் வரவில்லை. தாலி கட்டும் காட்சி முழுதாக வந்தது. மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரின் கண்ணாடி வளையல்கள்வரை தனித்தனியாகத் தெரிந்தன.