மூன்று மீட்டரில் நின்று திரும்பியது தோல்வியல்ல

2025 ஜனவரி 12 அன்று, விண்வெளியில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க இஸ்ரோ அனுப்பிய ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் முதலில் 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் இடைவெளி வரை நெருங்கி, இணையாமலே விலக்கப்பட்ட செய்தி வந்தபோது, புதுச்சேரியில் எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் “என்ன சார், இந்த முறையும் ஒட்டவில்லையாமே?” என்று கேட்டார்கள். தொழிற்சாலை இயந்திரங்களின் சென்சார்களைச் சோதித்துத் தருவது என் தொழில் என்பதால், எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பத் தெரிந்த கலத்தைத்தான் அடுத்த முறை துணிந்து நெருங்க விட முடியும்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகு கரையணையும்போது, இன்ஜினை அணைத்தால் தண்ணீரே வேகத்தைக் குறைத்துவிடும். மிச்ச இடியைப் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள் வாங்கிக்கொள்ளும். சுமார் 475 கிலோமீட்டர் உயரத்தில் அந்தச் சலுகை இல்லை. தலா 220 கிலோ எடையுள்ள அக்கலங்கள், நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே, ஒன்றையொன்று நொடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவில் தொட வேண்டும். முன்னே செல்வதைப் பிடிக்கலாம் என்று பின்னால் வருவது வேகத்தைக் கூட்டினால், அது உயரமான பாதைக்கு ஏறி மேலும் பின்தங்கிவிடும் என்பது தனி வேடிக்கை.

கல்லூரி மாணவர்கள் சிலருக்காக, மெருகேற்றிய கருங்கல் பலகையின் மேல் காற்றில் மிதந்து நகரும் இரண்டு தட்டுகளை வைத்து இதே சோதனையைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். காலை முழுவதும் பிசகின்றி இணைந்த தட்டுகள், மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் விழுந்ததும் தடுமாறின. செயற்கைக்கோளில் சுற்றுவதைப் போல நாங்கள் சுற்றியிருந்த பொன்னிறத் தாளின் ஒரு மடிப்பு மின்ன, கேமரா அதையே அடையாள விளக்கு என்று நம்பிவிட்டது. தட்டு கோணலாகப் போய் மோதி, இணைப்புக் கொக்கி வளைந்தது. அதற்கு முன்பெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட்டில் மட்டும் சோதித்த தவறு என்னுடையது. சுற்றுப்பாதையிலோ சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வெயிலும் இருளும் மாறிக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் 2005 ஏப்ரலில் நாசாவின் டார்ட் கலத்துக்குக் கிடைத்தது. தன் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்த அக்கலம், எரிபொருளை வீணடித்து, நெருங்க வேண்டிய செயற்கைக்கோளின் மீதே மோதியது. மோதலைத் தவிர்க்கவென்று வைத்திருந்த ஏற்பாடும் அதே பிழையான கணிப்பை நம்பியிருந்ததால் உதவவில்லை. எங்கள் தட்டில் இப்போது கேமராவின் பேச்சைக் கேட்காத தனி அல்ட்ராசானிக் சென்சார் ஒன்று இருக்கிறது. நிறுத்துவது மட்டுமே அதன் வேலை.

பழுது பார்க்கப் போகும் கலத்துக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 2020 பிப்ரவரியில், பழைய செயற்கைக்கோள்களின் ஆயுளை நீட்டிக்கச் செய்யப்பட்ட எம்.இ.வி-1 கலம் பற்றிக்கொண்ட இன்டெல்சாட் 901 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள், யாரும் வந்து இணைவார்கள் என்று எண்ணிச் செய்யப்பட்டதல்ல. பிடிப்பதற்கு அதன் பழைய இன்ஜினின் கூம்புதான் கிடைத்தது.

ஸ்பேடெக்ஸ் ஜனவரி 16 அன்று இணைந்தது. ஏப்ரல் 20 அன்று நடந்த இரண்டாம் இணைப்பில், 15 மீட்டரிலிருந்து தொடும் வரை முழுவதும் தானியங்கியாகவே விட்டார்கள். முதல் முறை 3 மீட்டரில் வைத்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் கருங்கல் பலகையில் அந்தக் கடைசி நிறுத்தத்தை நான் இன்னும் எடுக்கவில்லை.