பட்டன் இருக்கும், டயர் இருக்காது

கேரவன் என்றால் நம் ஊரில் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஏறி உட்காரும் ஏசி வண்டிதான். என் மச்சான் வைத்திருப்பது வேறு. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற, இரண்டு அச்சு, நான்கு சக்கரம் கொண்ட வீடு. பழைய வண்டியாக வாங்கியது. வருஷத்தில் பத்து மாதம் கீழக்கரையில் வேப்பமரத்தடியில் நிற்கும், பள்ளி விடுமுறை வந்தால் கிளம்பும்.

அப்படி ஒருமுறை அரிச்சல்முனை போய்விட்டுத் திரும்பும்போது, உச்சிப்புளி பக்கம் ஒரு டயர் வெடித்தது. ஓட்டிக்கொண்டிருந்த மச்சானுக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக் கை காட்டிய பிறகுதான் நிறுத்தினார். காரில் டயர் இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், கைக்குத் தெரியும். ட்ரெய்லர் டயர் செத்தால் முன்னால் இருப்பவருக்குச் சொல்ல ஆளில்லை. மட்கார்டு பிய்ந்து, டயரின் மேல்பட்டை தோல் உரித்த மாதிரி தனியாகத் தொங்கியது.

பஞ்சர் கடை பாய் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேல்பட்டையின் வரிக்கட்டைகள், ஆழமாக, புதுசு போலவே இருந்தது. அப்புறம் பக்கச்சுவரை மடக்கிக் காட்டினார். வறண்ட கண்மாய்த் தரை மாதிரி மெல்லிய வெடிப்புகள். "பட்டன் குமரிதான் தம்பி, ரப்பர் கிழவியாயிருச்சு" என்றார். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் 2214 என்று நான்கு எண்கள். 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர் அது.

ஓடாத டயர் எப்படிக் கிழடாகும்? பச்சை ரப்பர் பிசுபிசுவென்று இருக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடும், ரப்பர் கெட்டிப்படும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான். கடைக்கு வந்த பிறகும் வெயிலும் ஆக்சிஜனும் அந்த மூலக்கூறுகளைச் சும்மா விடுவதில்லை. வருஷம் போகப் போக ரப்பர் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. காற்றிலுள்ள ஓசோன் வேறு, இழுபட்டு நிற்கும் பக்கச்சுவரைக் கீறும். இதைத் தடுக்க ரப்பருக்குள்ளேயே மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போதுதான் அந்த மெழுகு நன்றாக மேலே கசிந்து படலமாகப் படியும். பத்து மாதம் நின்றால் எங்கிருந்து கசியும்? வாடகைக்கார் டயர் தேய்ந்து சாகிறது, ட்ரெய்லர் டயர் நின்றே சாகிறது. அதனால் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த நான்கு எண்களைத்தான். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்தது என்றால் வேண்டாம் என்பேன். ஐந்தாறு வருஷம் ஆனால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது எடை. வண்டியைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. ஒரு சக்கரத்துக்கு 700 கிலோ, காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 24 சதுர அங்குலம், ஒரு போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ அளவு. காற்று 45-க்கு இறங்கினால் அது 34 சதுர அங்குலம் ஆகிவிடும். அதாவது டயர் கூடுதலாக நசுங்குகிறது. இந்த அளவுச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டு மீட்டர். நூறு கிலோமீட்டர் போவதற்குள் டயரின் ஒவ்வோர் இடமும் ஐம்பதாயிரம் தடவை நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தராது, மிச்சத்தைச் சூடாக வைத்துக்கொள்ளும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுமே, அதே கதை. ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது என்பதால், உள்ளிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டையின் ஓரத்தில் சூடு சேர்ந்து பிடிமானம் விடுகிறது. மேல்பட்டை உரிந்து வந்தது அப்படித்தான்.

எங்கள் தப்பு அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது. மணலில் புதையாமல் இருக்க காற்றைக் குறைத்தோம். தொடும் இடம் பெரிதாகும், அது சரிதான். திரும்ப அடிக்காமலே தார் ரோட்டில் எண்பதில் வந்தோம். அது சரியில்லை.

புது டயருக்கு முன், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, உப்பு லாரிகள் எடை போடும் எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். சக்கரங்கள் மேல் 2,800 கிலோ. நான்கால் வகுத்தால் 700. ஆனால் தொட்டி இருக்கும் பக்கம் கூடுதலாகத் தாங்கும், அதனால் இருபது சதவீதம் சேர்த்து 840. டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் சுமைக் குறியீடு. 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900. நாங்கள் எடுத்தது 104. அதே எண் உள்ள கார் டயரை மாட்டலாமா என்று மச்சான் கேட்டார். ட்ரெய்லரில் போடும்போது கார் டயரின் சுமையை 1.1-ஆல் வகுத்துக் குறைப்பது வழக்கம், 900 என்பது 818 ஆகிவிடும். அதோடு பக்கச்சுவரும் மெலிசு. இரண்டு அச்சு வண்டி முடுக்கில் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடும், அப்போது கெட்டியான சுவர் வேண்டும். அதனால் சரக்கு வேன்களுக்குப் போடும் ரகம்தான் வாங்கினோம். பிராண்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

இந்தக் கரையில் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபத்தில் சோதனை நிலையமே வைத்திருக்கிறார்கள். டயர் மாட்டும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கின் விளிம்பு துருப்பிடித்தால் டயர் அதில் சரியாக ஒட்டாது, காற்று சொட்டுச் சொட்டாகப் போகும். சீமைக்கருவேல முள் குத்தினாலும் அப்படித்தான், உடனே தெரியாது. டிஸ்க்கைத் தேய்த்து பெயின்ட் அடித்து, ரப்பர் வால்வுக்குப் பதில் உலோக வால்வு போட்டோம். காற்றை விடிகாலையில், வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். மதியம் ஓடிச் சூடான டயரில் 70 காட்டுகிறதே என்று இறக்கிவிடக் கூடாது.

நான்கு டயரும் மாட்டி முடித்து, பாய்க்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னியை டார்ச் அடித்துப் பார்த்தார். மண்ணைத் துடைத்தால் 2214.