எக்குவிற்றி: சமத்துவம் அல்ல, ஒப்புரவு

கொள்கைப் பயிற்சிக் கைந்நூல்களின் தமிழ்ப் பிரதியில் 'சமத்துவமும் சமநிலையும்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். ஆங்கில மூலத்தில் ஈக்குவாலிற்றி (equality), எக்குவிற்றி (equity) என்று இரண்டு சொற்கள் இருந்திருக்கும். முதலாவதைச் சமத்துவம் என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர், இரண்டாவதற்குச் சொல் அகப்படாமல் அதன் அண்ணன் தம்பி ஒன்றை ஒட்டிவிடுவார். ஒன்றையே இரண்டு தரம் சொல்கிறார்கள் என்று நினைத்து வாசகர் தாண்டிப் போய்விடுவார்.

வேறுபாட்டை வயலில் வைத்துப் பார்ப்பதே சுகம். சிறுபோகத்தில் குளம் வற்றினால் வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவார்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஓரேக்கர், ஆளுக்கு 4 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். கொப்பியில் இது அப்பழுக்கில்லாத சமத்துவம். ஆனால் துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, பக்கத்துக்காரரின் வக்கடைக்கு (வரம்பில் நீர் புகும் வாய்க்கு) தண்ணீர் சில நிமிடத்தில் வந்துவிடும். கடைசிக்காரருக்கு வரவேண்டிய தண்ணீரை வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் அடி முதலில் குடிக்கும், பிறகு நண்டுப் பொந்துகள் இழுக்கும். வந்துசேரவே ஒன்றரை மணித்தியாலம் போகலாம், வருவதும் மெலிந்த ஓட்டமாகத்தான் இருக்கும். நேரத்தைத் துருசு திறந்ததிலிருந்து எண்ணாமல் தண்ணீர் அவரவர் வக்கடைக்கு வந்ததிலிருந்து எண்ணி, கடைமுனைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் மணிக்கணக்கு சமமில்லாமல் போகும், தண்ணீர் ஏறத்தாழச் சமமாகும். எக்குவிற்றி என்பது இந்தத் திருத்தம்தான்.

நீர் பாதி வயலுக்கே காணும் என்றால் சிங்களத்தில் 'பெத்ம' என்று சொல்லும் முறை இருக்கிறது. துருசை அண்டிய வயலை மட்டும் விதைப்பார்கள். தூரத்துக் காணிக்காரருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் அதில் பங்கு உண்டு. எல்லா வயலுக்கும் பாதி நீர் என்று பரப்பினால் கதிர் வரும் நேரத்தில் எல்லாமே கருகும். பங்கை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் சண்டை வரும். காணியின் அளவுக்கேற்ப என்றால் பத்தேக்கர்க்காரருக்கு ஐந்து, ஓரேக்கர்க்காரருக்கு அரை. அரை ஏக்கரில் ஒரு குடும்பம் போகம் தள்ள முடியாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்றால் பெரிய காணிக்காரர் எழும்புவார். இரண்டு பக்கமும் எக்குவிற்றியைத்தான் பேசும். ஆகவே அந்தச் சொல்லை எழுதுபவர் எதை அளவுகோலாக வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

சொல்லின் வேர் இலத்தீன் 'ஏக்குவுஸ்': மேடுபள்ளமற்ற, மட்டமான. சமத்துவத்துக்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேர்தான், எனவே வேரைப் பிடித்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்தது வரலாறு. சட்டம் பொதுப்படப் பேசுவதால் தனி நிகழ்வில் தவறும், அந்த இடத்தில் அதைத் திருத்துவதுதான் 'எப்பியெய்க்கெயா' என்றார் அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோலை அதற்கு உவமை காட்டினார். இரும்புக் கோல்போல் விறைத்து நிற்காமல் கல்லின் வடிவத்துக்கு வளைந்து அளக்கும் கோல் அது. இங்கிலாந்தில் பொதுச் சட்டம் கைவிட்டவர்கள் சான்சரி நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த நீதிமுறைக்கே எக்குவிற்றி என்று பெயர் விழுந்தது. 1873, 1875 சட்டங்களால் இரண்டும் ஒரே நீதிமன்றத்தின் கீழ் வந்தன.

தமிழில் என்ன சொல்வது? 'நேர்மை' தனிமனிதக் குணம். 'நடுவுநிலைமை' நல்ல சொல், ஆனால் அது சமன்செய்து சீர்தூக்கும் கோல்: யார் வந்தாலும் ஒரே நிறை. நமக்கு வேண்டியது வளைகிற கோல். 'ஒப்புரவு' பொருந்துகிறது, அதற்குச் சான்று திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்துக்குப் பரிமேலழகர் எழுதிய உரை. ஒப்புரவு என்னும் உலகநடை, வேதநடைபோல அறநூல்களில் கூறப்படுவதன்றித் தாமே அறிந்து செய்யும் தன்மையது; அதனால்தான் அதிகாரத்தின் பெயரில் 'அறிதல்' வந்தது என்கிறார். எழுதிய விதிக்கு அப்பால் இடமறிந்து செய்வது என்ற கருத்து அரிஸ்டாட்டிலுக்கு மிகக் கிட்டவே நிற்கிறது. அந்த அதிகாரத்தில் வரும் உவமையும் ஊருணி நீர்.

1980களின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் விவசாயிகளை வாய்க்கால் வாரியாக ஒன்றுசேர்த்தன. மேல்முனையில் இருந்த சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கடைமுனைத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். நீர்முகாமைத்துவ ஆய்வுகளில் இன்றும் பேசப்படும் நிகழ்வு இது. தாமே அறிந்து செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒப்புரவு என்றதும் கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) நினைவுக்கு வரும். குழப்பம் வரும் இடத்தில் 'ஒப்புரவான பங்கீடு' என்று எழுதினால் போதும். கணக்கீட்டு நூலில் வரும் எக்குவிற்றி வேறு: அது உரிமையாண்மை, வணிகத்தில் உரிமையாளருக்குச் சேரும் பங்கு. அங்கே ஒப்புரவைக் கொண்டுபோய் வைக்கவேண்டாம்.

இலங்கை அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தைச் சொல்கிறது. பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 12(4) ஒப்புரவின் பாற்பட்டது. பல்கலைக்கழக அனுமதியிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இந்தக் கோல் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. நகரத்துப் பாடசாலையில் ரியூசனும் ஆய்வுகூடமுமாகப் படித்த பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிடுகிறார்கள். வாவியின் இரண்டு கரையும் அதற்கு ஒரே மட்டம்.