ஒரே ஓர் எழுத்து, ஒன்றரைக் குட்டி

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் காரோல் என்றொரு செம்மறி இனம் உண்டு. சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே புல் மேயும். வளர்ந்த பெட்டைக்கே பத்து முதல் பதினைந்து கிலோ எடைதான். இறைச்சியும் பெரிதாகத் தேறாது, ரோமமும் முரட்டு ரோமம். ஆனால் ஓர் ஈற்றில் இரண்டு குட்டி போடுவது அதற்குச் சாதாரணம், மூன்றும் போடும். இந்தியச் செம்மறிகளில் இது அபூர்வம். தமிழ்நாட்டு மேச்சேரி ஆகட்டும், மகாராஷ்டிரத்துத் தக்காணி ஆகட்டும், ஈற்றுக்கு ஒரு குட்டி என்பதே வழக்கம். ரெட்டைக் குட்டி வேண்டுமென்றால் வெள்ளாடு வளர்க்க வேண்டியதுதான்.

காரோலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வரம்? பதில் கிடைத்தது வங்காளத்தில் அல்ல, ஆஸ்திரேலியாவில்.

1790களில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சென்ற கப்பல்களில் வங்காளச் செம்மறிகளும் ஏற்றப்பட்டன. புதிய குடியேற்றத்துக்கு இறைச்சி வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அப்புறம் ரோமத்துக்குப் பேர்போன மெரினோ இனம் வந்து சேர்ந்ததும், வங்காள ஆடுகள் அதில் கலந்து அடையாளமில்லாமல் கரைந்துபோயின. உருவத்தில் கரைந்தன என்று சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் கூமா பகுதியில் புரூலா என்ற பண்ணையை நடத்திய சீயர்ஸ் சகோதரர்கள், தங்கள் மெரினோ மந்தையில் ஒன்றுக்கு மேல் குட்டி போடும் ஆடுகளைத் தனியே பிரித்துப் பெருக்கிவந்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றான கிடாயை 1958இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வுக்குக் கொடுத்தார்கள். ஆய்வு அங்கே தொடங்கியது.

ஒரு ஆடு எத்தனை குட்டி போடும் என்பதைப் பல நூறு மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தீர்மானிக்கின்றன, தீவனமும் வயதும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன என்பதுதான் அன்றைய பாடம். பெரும்பாலான இனங்களுக்கு இன்றும் அதுதான் உண்மை. புரூலா மந்தையின் கணக்கு மட்டும் அதற்குள் அடங்கவில்லை. ஒரு கிடாயின் மகள்களில் பாதிக்கு நிறைய முட்டை, பாதிக்கு ஒன்றே ஒன்று என்று தெளிவாகப் பிரிந்தது. 1980களின் தொடக்கத்தில், இது ஒற்றை மரபணுவின் வேலை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதற்கு ஃபெக்-பி என்று பெயர். 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தன. செம்மறியின் ஆறாவது குரோமோசோமில், பிஎம்பிஆர்-1பி என்ற மரபணுவில், டிஎன்ஏ-வின் நான்கு வேதி எழுத்துகளில் ‘ஏ’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘ஜி’ இருந்தது. அந்த ஓர் எழுத்தால், மரபணு உருவாக்கும் புரதத்தின் 249ஆம் இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினைன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மறு ஆண்டே காரோலின் டிஎன்ஏ-வைச் சோதித்தார்கள். அதே எழுத்து, அதே இடத்தில். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறியது இந்த எழுத்துதான் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. பின்னாளில் ஒடிசாவின் கேந்திரபாடா ஆட்டிலும் இதே மாற்றம் தென்பட்டது.

சரி, ஓர் எழுத்து மாறினால் குட்டி ஏன் கூடுகிறது?

செம்மறிக்கு ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஒவ்வொரு முறையும் சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்கும். ஃபாலிக்கிள் என்பது நடுவில் ஒரு முட்டையும் அதைச் சுற்றி ஊட்டும் செல்களும் கொண்ட சிறு கொப்புளம். இவற்றை வளர்ப்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோன். வளர வளர, கொப்புளங்கள் தாமே ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் சுரக்கின்றன. அவை போய்ப் பிட்யூட்டரியை அடக்க, எஃப்எஸ்எச் குறைகிறது. வரத்து குறைந்ததும் சின்னவை வாடி அழிகின்றன. பெரியதோ அதற்குள் இன்னொரு ஹார்மோனான எல்எச்-ஐ ஏற்கும் திறனைப் பெற்றுவிட்டதால் தப்பிக்கிறது. ஆக, ஒரு பருவத்துக்கு ஒரு முட்டை. பஸ் புறப்படுவதற்குள் ஏறியவருக்கு இடம், மற்றவர் நிலையத்தில் நிற்க வேண்டியதுதான்.

பிஎம்பிஆர்-1பி புரதம் முட்டையைச் சுற்றியுள்ள செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஏற்பி. “இப்போதே முதிராதே, பொறு” என்று முட்டைப் பக்கமிருந்து வரும் சமிக்ஞையை அது வாங்கி உள்ளே கடத்துகிறது. ஓர் எழுத்து மாறிய ஏற்பியின் காது கொஞ்சம் மந்தம். சமிக்ஞை அரைகுறையாகவே உள்ளே போகிறது. அதனால் செல்கள் சீக்கிரமே முதிர்ந்து, கொப்புளம் சிறிதாக இருக்கும்போதே எல்எச்-ஐ ஏற்கத் தயாராகிவிடுகின்றன. எஃப்எஸ்எச் குறையும் நேரத்தில் தப்பிக்கும் தகுதியோடு ஒன்றல்ல, இரண்டு மூன்று நிற்கின்றன. சாதாரண ஆட்டில் கொப்புளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் முட்டை வெளியேறும். மாறிய மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக உள்ள ஆட்டில் 3, 4 மில்லிமீட்டரிலேயே வெளியேறிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. அந்தச் சின்னக் கொப்புளங்கள் எல்லாவற்றிலும் உள்ள செல்களைக் கூட்டினால், சாதாரண ஆட்டின் ஒரே பெரிய கொப்புளத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வருகிறது. ஹார்மோன் உற்பத்தியும் அப்படியே. உடலின் மொத்தக் கணக்கில் மாற்றமில்லை. அதைப் பிரித்துக்கொள்வதில்தான் மாற்றம்.

மரபணுவின் அளவும் இங்கே முக்கியம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ மாறிய மரபணுவின் ஒரு படி (பிரதி) வந்தால், புரூலா மெரினோவில் முட்டை எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றரை கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் மூன்று கூடுகிறது. முட்டை கூடுவதெல்லாம் குட்டியாகிவிடாது, கருப்பைக்கு ஓர் எல்லை உண்டு. ஆனாலும் மூன்று நான்கு குட்டிகள் பிறந்துவிடும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

செம்மறியின் சினைக்காலம் 150 நாள். அதில் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி நடக்கிறது. வயிற்றில் மூன்று குட்டி இருந்தால் இரைப்பைக்கு இடம் குறுகும். தேவை உச்சத்தில் இருக்கும்போது ஆட்டால் போதிய அளவு தின்ன முடியாது. உடல் தன் கொழுப்பையே கரைத்து எரிக்க, இரத்தத்தில் கீட்டோன்கள் ஏறி, ஆடு சோர்ந்து படுத்துவிடும். கவனிக்காவிட்டால் தாயும் போகும், குட்டிகளும் போகும். தப்பிப் பிறந்தாலும் குட்டிகள் எடை குறைவு. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்புப் பொருளை வயிற்றிலிருந்து வாங்கி வருவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால்தான் எல்லாம். தாய்க்கு இருப்பதோ இரண்டு காம்பு. மூன்றாவது குட்டி எப்போதும் பின்தங்கும். கொட்டகையில் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றலாம். மகாராஷ்டிரத்தின் தனங்கர் இடையர்கள் மழைக்காலம் முடிந்ததும் குதிரையும் நாயுமாக மந்தையை ஓட்டிக்கொண்டு கொங்கணம் நோக்கிப் பல மாதம் நடப்பவர்கள். அவர்களிடம் மூன்று குட்டி என்பது வரவு அல்ல, பாரம்.

சாத்தாரா மாவட்டம் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது என்பேன். 1990களில் காரோல் ஆடுகளைக் கொண்டுவந்து, உள்ளூர்த் தக்காணியோடும் கர்நாடகத்தின் பன்னூர் ஆட்டோடும் சேர்த்தார்கள். சந்தா நிம்ப்கர் தலைமையில், ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு நடந்த வேலை இது. வேண்டியது காரோலின் அந்த ஓர் எழுத்து மட்டும், அதன் குள்ள உருவம் வேண்டாம். முதல் கலப்பில் காரோல் இரத்தம் பாதி. மீண்டும் தக்காணியோடு சேர்த்தால் கால்பங்கு; அடுத்ததில் அரைக்கால்; அதற்கடுத்து வீசம். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு உள்ள குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும்.

கிடாயை எப்படிச் சோதிப்பது? கிடாய் முட்டையிடாதே! 2001க்கு முன் இது பெரிய தலைவலி. ஒரு கிடாயிடம் மரபணு உண்டா என்று அறிய, அதன் மகள்கள் வளர்ந்து, பருவத்துக்கு வந்து, வயிற்றில் கருவி விட்டுச் சினைப்பையைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்து தெரிந்த பிறகு சில சொட்டு இரத்தம் போதும். பிறந்த குட்டியிடமே எடுத்துச் சோதித்துவிடலாம்.

முடிவில் வந்தது ‘நாரி சுவர்ணா’. மரபணுவின் ஒரு படி உள்ள பெட்டைகள் இடையர் மந்தைகளில் சராசரியாக ஒன்றரைக் குட்டி வரை போட்டன. மூன்று என்பது அரிது. அதாவது சில ஈற்றில் ஒன்று, சில ஈற்றில் இரண்டு. காம்பு இரண்டு, குட்டி இரண்டு. ரெட்டையில் ஒவ்வொன்றும் ஒற்றைக் குட்டியைவிடச் சற்று எடை குறைவுதான். ஆனாலும் விற்கும்போது இரண்டின் எடையும் சேர்ந்து ஒற்றையைத் தாண்டிவிடும். ராஜஸ்தானில் அவிகாநகரின் மத்திய செம்மறி, ரோம ஆராய்ச்சி நிறுவனம் காரோல், மால்புரா, பாட்டன்வாடி மூன்றையும் சேர்த்து உருவாக்கிய அவிஷான் இதே வழியில் வந்ததுதான். நம் ஆட்டைத் திருத்துவதென்றால் வெளிநாட்டுக் கிடாய் இறக்குவது என்றே ஒரு காலம் இருந்தது. நீலகிரி சாண்டிநல்லாவிலும் மெரினோ வந்திறங்கியது. அந்த மெரினோவுக்கே வங்காளத்து எழுத்து ஒன்று பெருமை தேடித் தந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இடையரிடம் கொடுக்க ஏற்றது மரபணு இரட்டையாக உள்ள கிடாய். சாதாரணப் பெட்டைகளோடு அதைச் சேர்த்தால் பிறக்கும் எல்லாப் பெட்டைகளுக்கும் தவறாமல் ஒரு படி உண்டு. சிக்கல் அடுத்த தலைமுறையில். அந்த மகள்களை மீண்டும் அதே மாதிரிக் கிடாயோடு சேர்த்தால் பாதிக் குட்டிகளுக்கு இரட்டைப் படி வந்துவிடும். மரபணுவே இல்லாத கிடாயோடு சேர்த்தால் பாதிக்கு ஒன்றுமே இருக்காது. அதனால் எந்தக் கிடாய் எந்தப் பெட்டைகளோடு என்று கிடையில் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. திறந்தவெளியில் மேயும் மந்தையில் அது லேசான காரியமில்லை. கிடாய் வாங்குபவர் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பதோடு அதன் தாயின் மடியையும் பார்த்துவிடுவது நல்லது. பால் சுரப்பு ஃபெக்-பி கையில் இல்லை. அதைப் பல நூறு மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அந்தச் சீட்டில் எழுதி வராது.